சுவரின் இந்தப் பக்கம்: மயிலம் வட்டாரத்துப் பள்ளிகளும் தெருவின் சரித்திரமும்

மயிலம் வட்டாரத்தில் பள்ளிக்கூடச் சுவர்களைப் படித்துக்கொண்டே போவது சில வருஷங்களாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மயிலம் வழியாகப் பாண்டிச்சேரி ரோட்டில் போனாலும் சரி, திண்டிவனத்திலிருந்து உள்கிராமங்களுக்குள் போனாலும் சரி, ஊருக்கு ஒரு சுவராவது பேசுகிறது. பேசுவதெல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான். திருவள்ளுவர், பாரதி, அப்துல் கலாம், இந்திய வரைபடம், ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஆப்பிள், பந்து, பூனை. கொஞ்சம் வசதி கிடைத்த பள்ளி என்றால் கட்டிடம் முழுவதும் ரயில் பெட்டி போலப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். வகுப்பறை வாசல் ரயில் வாசலாகிவிடும். கீழே, படத்தைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில், உபயதாரர் பெயர். மயிலத்துக்கென்று நிஜமாகவே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்த ஸ்டேஷனை வரைந்த பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை நையாண்டிக்காகச் சொல்லவில்லை. அழுக்குச் சுவரைவிட ரயில் பெட்டி மேல்தான், பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது. ஆனால் சுவரை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு, இதை எழுதியவர் யார், படிப்பவர் யார், இதில் எழுதாமல் விடப்பட்டது எது என்று கேட்க ஆரம்பித்தால் விஷயம் வேறாகிறது. எழுதியவர் கூலிக்கு வந்த பெயிண்டர். படிப்பவர் ரோட்டில் போகிறவர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அதிகாரி. எழுதாமல் விடப்பட்டது அந்தப் பள்ளி நிற்கிற ஊர். தூரிகை கையில் இல்லாதவர்கள் அங்கே தினமும் உட்காரும் பிள்ளைகள்.

இதற்கு மாற்றாக, குழந்தைகளே தங்கள் தெருவின் சரித்திரத்தைத் தேடி, அளந்து, வடிவமைத்து, பொதுச் சுவரில் வரைய வேண்டும் என்ற யோசனை உலகில் பல இடங்களில் முயன்று பார்க்கப்பட்டது. நம்மூரிலும் தன்னார்வ நண்பர்கள் அங்கங்கே பேசுகிறார்கள், செய்கிறார்கள். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்குத் தலையாட்ட முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. 'தெருவின் சரித்திரம்' என்று சொல்லும்போது எந்தத் தெரு என்ற கேள்வி தமிழ்நாட்டில் உடனே வந்து நிற்கிறது.

இந்தப் பக்கத்து ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஊர்ப் படம் வரையச் சொன்னார். நானும் கூட இருந்தேன். சார்ட் அட்டை கொடுத்து, கயிறு கொடுத்து, காலடியால் அளந்து வரச் சொல்லி, பிறகு வரையச் சொன்னோம். கோயில், டேங்க், ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளி எல்லாம் வந்தது. ஒரு பையன் அட்டையைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். என்னடா அது என்றேன். "எங்க தெரு சார்" என்றான். முன்பக்கத்தில் ஏன் போடவில்லை? "அந்தப் பக்கம் ஊரு சார். இது காலனி." இடம் போதவில்லையா என்று கேட்டதற்கு, "எடமெல்லாம் இருக்கு சார்" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினான். இருந்தது. கால்வாசி அட்டை வெள்ளையாகவே இருந்தது.

அந்தப் பையனுக்கு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர் என்ற சொல்லே சொல்லிக்கொடுத்துவிட்டது. தமிழில் 'ஊர்' என்பதற்குள் சேரி அடங்காது. ஊரும் சேரியும் சேர்ந்த மொத்தத்துக்கு அன்றாடப் பேச்சில் நமக்கு ஒரு சொல் கிடையாது. பஞ்சாயத்து, கிராமம் என்பதெல்லாம் ரெவின்யூ காகிதத்துச் சொற்கள். மேலைநாட்டு ஆசிரியர்கள் அண்டை அயல் என்ற பொருளில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பாடத்திட்டம் எழுதுகிறார்கள். இங்கே அண்டை என்பதே பிரச்சினை. ஆகவே பிள்ளைகளைக் கொண்டு பொதுக்கலை செய்யலாம் என்பவர்கள் முதலில் பெயிண்ட் வாங்கப் போக வேண்டாம், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பின்னால் என்றால் மணல்வரைக்கும். எழும்பூரில் ராணுவ ஆண் அநாதைச் சிறுவர் விடுதியை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்து ஒரு முறையாக்கி 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குள் போனது. திண்ணையில் இருந்து உலகத்துக்குப் போன பாடம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வது இதைத்தான். 1822இல் மன்றோ உத்தரவிட்டு எடுத்த பள்ளிக் கணக்கை வைத்துக்கொண்டு தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் இந்தப் பெருமைக்குப் புள்ளிவிவரம் தந்தது. சூத்திரச் சாதிப் பிள்ளைகள் தமிழ்ப் பகுதிப் பள்ளிகளில் கணிசமாக இருந்தார்கள் என்பதை அது காட்டியது, சரி. ஆனால் அந்த அட்டவணையின் கட்டங்களைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் இவர்களுக்கெல்லாம் தனித்தனிக் கட்டம். பறையருக்கும் பள்ளருக்கும் சக்கிலியருக்கும் கட்டமில்லை. 'மற்ற எல்லாச் சாதிகளும்' என்று ஒரே பெட்டி. தரம்பால் தன் நூலுக்கு 'அழகிய மரம்' என்று பெயர் வைத்தார். மரம் அழகானதுதான். அதன் நிழலில் உட்கார அனுமதி இல்லாதவர்களின் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894இல் அடையாறில் தனியாக ஒரு பள்ளி திறக்க வேண்டியிருந்தது.

ஓவியம் பள்ளிக்குள் வந்த வழியும் இதைவிட நேர்கோடு இல்லை. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850இல் சென்னையில் கலைப் பள்ளி தொடங்கினார். அரசு அதை எடுத்து நடத்தியதன் நோக்கம், நல்ல ரசனையும் நல்ல உற்பத்தியும் உள்ள கைவினைஞர்களைத் தயாரிப்பது. பள்ளிக்கூடங்களுக்கு இதிலிருந்து இறங்கி வந்தது டிராயிங் பீரியட். கனசதுரம், உருளை, கூம்பு, குடம், வாழைப்பழம், போர்டில் வாத்தியார் போட்டதைப் பார்த்துப் போடு. என் தலைமுறைக்கு டிராயிங் என்றால் இதுதான். அந்தக் குடம் எந்தத் தெருவில் யார் செய்தது என்று வாத்தியாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கைக்கும் மூளைக்கும் நடுவில் விழுந்த இந்தப் பிளவைச் சரிசெய்கிறேன் என்று வந்தது காந்தியின் ஆதாரக் கல்வி. 1937இல் வார்தாவில் பேசப்பட்டது. சேவாகிராமத்தில் 1944 முதல் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த தேவி பிரசாத், சாந்திநிகேதனில் படித்தவர், கலையையே கல்வியின் அடித்தளமாக வைத்து யோசித்தவர். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சொற்களுக்கு வேறொரு நினைவு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்படி கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை பாதி நேரம் பள்ளியில் படிக்கும். மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கும். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் திராவிட இயக்கத்தார் எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் 1954இல் திட்டத்தைக் கைவிட்டார்.

இதைப் பழைய கதை என்று தள்ள முடியாது. 'உள்ளூர்க் கைத்திறன்', 'பாரம்பரிய அறிவு', 'மண் சார்ந்த கல்வி' என்று இன்றைக்குப் பொதுக்கலைத் திட்டங்களின் அறிக்கையில் வரும் சொற்கள் ஒவ்வொன்றையும் தமிழ்நாட்டுத் தலித் பெற்றோர் ஒரு சின்னக் கூச்சத்தோடுதான் கேட்பார்கள். நல்லெண்ணத்தோடு ஒருவர் வகுப்புக்குள் வந்து, குயவர் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நீ களிமண் பிசை என்கிறார். பறையடிப்பவர் வீட்டுப் பிள்ளையிடம் நீ பறையைக் கொண்டுவா என்கிறார். அவர் மனதில் கலை இருக்கிறது. பிள்ளை காதில் சாதி விழுகிறது. சுவருக்கு வடிவம் யோசிக்கிற வேலை மாத்திரம் எப்படியோ வேறு பிள்ளைகளிடம் போய்ச்சேர்ந்துவிடும். களிமண்ணை எல்லோரும் பிசைய வேண்டும், பென்சிலை எல்லோரும் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே விதி வைக்காத எந்தத் திட்டமும் குலக்கல்வியின் பின்வாசல்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் மாணவர்கள் கூட்டாகச் சுவரில் வேலை செய்த பெரிய முன்னுதாரணம் சாந்திநிகேதன். அங்கே 1919இல் கலாபவன் தொடங்கியது, நந்தலால் போஸ் அதைக் கட்டி வளர்த்தார். 1930களின் நடுவில் மாணவர் விடுதியாகக் கட்டிய 'கறுப்பு வீடு' முழுக்க மண். மண் சுவரில் புடைப்புச் சிற்பங்களை மாணவர்களே செய்து, மேலே தார் பூசினார்கள். நந்தலாலும் ராம்கிங்கர் பைஜும் கூட நின்றார்கள். மண்ணும் தாருமானதால் அதை வருஷாவருஷம் பூசிப் பராமரிக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்து வந்த மாணவர்களும் அந்த வீட்டில் கை வைத்தார்கள். கற்பித்தல் என்ற வகையில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வினோத் பிகாரி முகர்ஜி 1946-47இல் இந்தி பவனில் வரைந்த சுவரோவியம் இதற்குப் பிந்தியது. கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த அவர், மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கபீர், சூர்தாஸ் போன்றவர்களின் காலத்தை ஒரு ஆறு ஓடுவதுபோலச் சுவரில் ஓடவிட்டார். ராஜாக்களின் வரிசை அதில் மையம் இல்லை. பாடிக்கொண்டும் வேலை செய்துகொண்டும் இருந்தவர்களின் வரிசை. 1947 என்ற வருஷத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது என்ன மாதிரியான சரித்திரம் என்பது புரியும்.

ஒன்று உறுத்துகிறது. சாந்திநிகேதனைச் சுற்றிச் சந்தால் கிராமங்கள். ராம்கிங்கர் 1938இல் சிமெண்டும் செம்பாறைச் சல்லியும் கலந்து செய்த 'சந்தால் குடும்பம்' இந்திய நவீனச் சிற்பத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. வேலை தேடி, கூடையைத் தூக்கிக்கொண்டு, நாயோடு நடக்கும் குடும்பம். அதைச் செய்தவர் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அதில் பரிதாபம் இல்லை, கம்பீரம் இருக்கிறது. என்றாலும் சந்தால்கள் கலைக்குள் வந்த அளவுக்கு வகுப்புக்குள் வரவில்லை. வரையப்படுவதும் வரைவதும் வேறு. நம் பள்ளிச் சுவரில் நாளைக்கே ஒரு இருளர் குடும்பத்தை வில்லோடும் பாம்போடும் அழகாக வரைந்துவிடலாம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து இருளர் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக அலைவதும் செங்கல் சூளையில் பெற்றோரோடு முடங்குவதும் அந்தச் சித்திரத்தில் வராது.

சரி, மயிலம் பக்கத்தில் சுவரில் வரைய என்னதான் இருக்கிறது? இருக்கிறது, தலைசுற்றும் அளவுக்கு இருக்கிறது. விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலையில் பாறையில் செங்காவி ஓவியங்கள். மனிதக் கை இந்தப் பக்கத்தில் வரைந்த மிகப் பழைய சுவர்ச் சித்திரங்களில் அவை சேரும். பெருமுக்கல் மலைக் குகையில் பாறைக் கீறல்கள். அதே மலையில் சோழர் காலத்துக் கோயில். 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகை; செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் செய்ததாக அவன் கல்வெட்டில் பீற்றிக்கொள்கிறான். பனமலையில் ராஜசிம்மன் காலத்துத் தேவி ஓவியம். திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக. 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் கல்வெட்டு. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம். மயிலத்திலேயே குன்றின்மேல் முருகன், கீழே வீரசைவ மரபைச் சேர்ந்த பொம்மபுர ஆதீனம், அந்த ஆதீனம் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி. கொஞ்சம் தள்ளித் திருவக்கரையில் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன; 1781இல் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் ஐரோப்பியர்களுக்கு அதைச் சொன்னார். நம்ம ஆட்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், எழுதி வைக்கவில்லை.

இந்தப் பட்டியலைக் கொண்டே அருமையான ஒரு சுற்றுலாச் சுவரை வரைந்துவிடலாம். எனக்குப் பயமே அங்கேதான். மண்டகப்பட்டைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு மகேந்திரவர்மன் பெயரைச் சொல்லித்தருகிறோம். உளி பிடித்தவன் பெயர் அந்தக் கல்வெட்டில் கிடையாது. செங்கல் இல்லை, மரம் இல்லை, இரும்பு இல்லை என்று ராஜா சொல்கிறான். இரும்பு உளி இல்லாமல் பாறை எப்படிக் குடைந்தது என்று ஏழாம் வகுப்புப் பெண் கேட்டால் அதுதான் சரித்திர வகுப்பின் ஆரம்பம். இன்றைக்கு இதே வட்டாரத்தில் கல்குவாரியில் வேலை செய்பவர்கள் அவள் சித்தப்பாவாக, பக்கத்து வீட்டு அண்ணனாக இருப்பார்கள். பாறையில் எந்த இடத்தில் அடித்தால் பிளக்கும், எது வெடிக்கும், ஆப்பு எப்படி வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பல்லவர் குகையை விளக்க அவர்களை வகுப்புக்குள் அழைத்து வந்தால், கடந்த காலமும் தூசியால் நெஞ்சு அடைக்கிற நிகழ்காலமும் ஒரே மேஜைக்கு வந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் வழியாகப் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கவும் பானை ஓடு அடையாளம் காணவும் கற்றிருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையால் இது முடியும் என்பதற்கு இனி யாரும் சாட்சி கேட்க வேண்டியதில்லை. அங்கிருந்து இன்னொரு அடி வைத்து, எழுத்து இல்லாதவர்களின் தடத்தைப் படிக்கக் கற்பது எப்படி என்பதுதான் நம் பாடு.

பொதுக்கலை என்ற சொல்லை இறக்குமதி செய்யும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செஞ்சியைச் சுற்றிய இந்தப் பகுதிதான் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம். பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடந்து, கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொதுவெளியில் துரியோதனனை மண்ணால் படுத்தவாக்கில் செய்கிறார்கள். பத்திருபது ஆள் நீளத்துக்குக்கூடச் செய்வார்கள். காலையில் குழைத்து, வர்ணம் தீட்டி, கூத்தாடிகள் அதன்மேல் ஏறி ஆடி, தொடையில் அடித்து, பொழுது சாய்வதற்குள் கலைத்து, மண்ணைப் பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வடிவமைப்பு, அளவுப் பிரமாணம், கூட்டுழைப்பு, ஊர் நினைவு, பார்வையாளர் பங்கேற்பு என்று மேலைநாட்டுக் கலைப் பள்ளிகள் செமினார் நடத்துவதெல்லாம் இந்த ஒரு பகலில் இருக்கிறது. ஒரு பத்து வயசுப் பிள்ளை இந்த உருவத்தை எப்படி அளவெடுத்துப் போடுகிறார்கள் என்று கூடவே நின்று பார்த்தால், கிராஃப் தாளில் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பாடத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

இங்கேயும் அதே கேள்விதான் வழியை மறிக்கிறது. விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் தலித்துகள் உள்ளே வந்ததற்காகத் தகராறு வந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்தது இப்படியான ஒரு தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலைத்தான். நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024இல் பூஜைக்குத் திறந்தார்கள். அந்த மாதிரி ஊர்ப் பள்ளியில் 'நம் ஊர்த் திருவிழா' என்று தலைப்புக் கொடுத்துச் சித்திரம் போடச் சொன்னால் 'நம்' என்ற சொல்லிலேயே பாதி வகுப்பு நின்றுவிடும். நாட்டார் கலை என்றதும் உருகிப்போகும் நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாட்டார் என்ற சொல்லுக்குள்ளும் ஊரும் சேரியும் இருக்கின்றன.

பிரச்சினையை ஒளிக்காமல் சுவரிலேயே போட்ட ஒரு முயற்சி அமெரிக்காவில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ள வடிகால் ஒன்றின் காங்கிரீட் சுவரில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976இல் தொடங்கி 1983 வரை ஐந்து கோடைகளில் நானூறுக்கும் மேற்பட்ட இளம்பிள்ளைகளை வைத்து வரைந்தது அது. நீளம் சுமார் 840 மீட்டர். பிள்ளைகளில் பலர் சிறார் நீதிமன்றத்தின் வழியாக வந்தவர்கள். ஒருவரோடொருவர் முறைத்துக்கொள்ளும் வேறுவேறு தெருக்காரர்கள். தெருவாரியாகப் பிரிந்து நின்றவர்களை ஒரே சாரத்தில் ஏற்றியதே பாடமாக இருந்தது. 1930களில் மெக்சிகோக்காரர்களை ரயிலேற்றித் துரத்தியது, யுத்த காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்தது, ஸ்டேடியம் வந்த சாவேஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஏழைகளைக் காலி செய்தது எல்லாம் அந்தச் சுவரில் வருஷ வரிசைப்படி வருகிறது. சரித்திர ஆசிரியர்களோடும் அனுபவப்பட்ட முதியவர்களோடும் பேசிய பிறகே படம் போட்டார்கள். இங்கிலாந்தில் காலின் வார்டும் அந்தோணி ஃபைசனும் 1973இல் எழுதிய நூலில் பள்ளியை வெடித்துத் தெருவுக்குக் கொண்டுபோகச் சொன்னதை இவர்கள் தூரிகையால் செய்தார்கள் என்று சொல்லலாம்.

அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியுமா? விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு விழுப்புரத்தில் எழுப்பிய மணிமண்டபம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த 12 பேரை நான் எந்தப் பள்ளிச் சுவரிலும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமா என்று தோழர்கள் கேட்பார்கள். என் பதில் கொஞ்சம் சங்கடமானது. ஒன்பது வயசுப் பிள்ளை கையில் தூரிகையைக் கொடுத்துப் படுகொலையை வரையச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது நம் கோபத்தைப் பிள்ளையின் கையால் எழுதிக்கொள்வது. பாக்காவோடு வேலை செய்தவர்கள் பதின்பருவத்தினர். சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழாய் எந்தத் தெருவரை போகிறது, பள்ளிக்கு வர யாருக்கு எத்தனை நிமிஷம், மழை பெய்தால் எந்த வழி மூழ்குகிறது என்பதே போதும். இதையெல்லாம் அளந்து படமாக்கினால் சாதி தானே கோடாக விழும். யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

அளப்பது என்று சும்மா சொல்லவில்லை. வடிவமைப்பு என்பது அழகுபடுத்தல் என்று நம் பள்ளிகளில் நினைக்கிறார்கள். உண்மையில் அது யாருக்கு எவ்வளவு உயரம், யார் கை எதுவரை எட்டும் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் நடந்து முடிந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், வகுப்பறைச் சுவரைச் சுற்றிப் பிள்ளை உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு துண்டுச் சுவர். வாத்தியாரின் பலகை ஒன்றுதான் பலகை என்ற நூற்றாண்டு ஒழுங்கு அந்த மூன்றடி உயரத்தில் கலைந்தது. அந்த முறையின் மற்ற விஷயங்களில் ஆசிரியர்களுக்கு ஆயிரம் புகார் இருந்தது, நியாயமும் இருந்தது. கீழ்ப்பலகையைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. டில்லியில் கபீர் வாஜ்பேயி என்ற கட்டிடக் கலைஞரும் அவருடைய 'வின்யாஸ்' அமைப்பும், கட்டிடத்தையே கற்பிக்கும் சாதனமாக்குவது என்ற யோசனையை யுனிசெஃப் உதவியோடு வளர்த்தார்கள். கதவு திறக்கும் கோணம் தரையில் கோணமானியாகும், ஜன்னல் கம்பியில் எண்ணலாம், படிக்கட்டு அளவுகோலாகும். சர்வ சிக்ஷா அபியான் பணத்தில் இது பல மாநிலங்களுக்கும் போனது. போன இடத்தில் பெரும்பாலும் பெயிண்டர் வேலையாகச் சுருங்கிவிட்டது. கோணம் வரைந்திருக்கும், கதவு வேறெங்கோ திறக்கும்.

ஏன் சுருங்குகிறது என்றால், செய்ய ஆளில்லை. தமிழ்நாடு அரசு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் பல தடவை சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். வாரம் மூன்று அரை நாள் வந்து, மூன்று நாலு வகுப்பைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கும் ஓவிய ஆசிரியர் எப்போது தெருவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், முதியவர்களிடம் கேட்கவைத்து, சுவரில் நூல் போட்டு, கட்டம் அடித்து, வெள்ளையடித்து, காயவைத்து வரையவைப்பது? கலை எல்லோருக்கும் வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தச் சம்பளப் பட்டியலையும் பேச வேண்டும். இல்லாவிட்டால் பொதுக்கலை என்பது கோடை விடுமுறையில் நகரத்திலிருந்து வேனில் வந்து வரைந்து, செல்ஃபி எடுத்துப் போகிறவர்கள் சமாச்சாரமாகவே நிற்கும்.

சுவர் யாருடையது என்பதும் பேசி முடியாத விஷயம். நம்மூர்ச் சுவருக்குக் கட்சிக்காரர்கள் வருஷம் குறித்து முன்பதிவு எழுதிவைப்பார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959இலேயே வந்துவிட்டது, கட்சிகளிடம் அது செல்லுபடியான மாதிரி தெரியவில்லை. சில சுவர்கள் வேறு வேலைக்கென்றே எழுந்தவை. உத்தப்புரத்தில் 1989க்குப் பிறகு நின்ற சுவரை 2008 மே மாதத்தில் ஓரிடத்தில் உடைத்து வழி விட்டார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் மழையில் சரிந்து 17 பேர் மேல் விழுந்தது ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர். தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சுவரைக் கித்தானாக அறிமுகப்படுத்தும்போது அதன் இந்த உபயோகமும் தெரிந்தவர்களாகவே ஆசிரியர்கள் இருக்க வேண்டியிருக்கிறது.

நண்பரின் பள்ளியில் படங்களையெல்லாம் தரையில் பரப்பி ஒட்டியபோது அந்தப் பையனின் அட்டைதான் சிக்கலாயிற்று. இரண்டு பக்கமும் படம். எந்தப் பக்கத்தை மேலே வைப்பது? பிள்ளைகளே ஒரு வழி சொன்னார்கள். "சார், பின்னாடி இருக்கறத வேற தாள்ல போட்டு வெட்டி இங்க வைக்கலாம்" என்றாள் ஒரு பெண். வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் வெற்றிடம் விழுந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார் நண்பர். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓடை. முள்ளு. கரும்புக் கொல்லை. "ஒன்னுமில்ல சார்." ஒரு சனிக்கிழமை எல்லோரும் கயிறோடு போய் அளந்தார்கள். முந்நூற்றுப் பத்து அடி. ஓடைக்கரையில் ஒரு ஆயா களை வெட்டிக்கொண்டிருந்தார். முன்னே இந்த வழியாகத்தான் ரெண்டு பக்கத்து மாடும் ஏரிக்குப் போகும், அப்போ இது முள்ளுக் கெடையாது என்று சொன்னார். அதை ஒரு பையன் எழுதிக்கொண்டான், ஆயா பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டான்.

இப்போது பள்ளியில் எந்தச் சுவரில் போடுவது என்று பேச்சு நடக்கிறது. ரோட்டைப் பார்த்த சுவருக்கு உபயதாரர் இருக்கிறார், ரயில் பெட்டி கேட்கிறார். ஓடையைப் பார்த்த பின்சுவர் காலி. அது உப்புப் பொரிந்து காரை உதிர்ந்து கிடக்கிறது. சுரண்டிப் பூசி, சுண்ணாம்படித்துக் காய ஒரு மாதமாவது ஆகும். செலவு யார் தலையில் என்று தெரியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார் நண்பர். அந்தக் குழுவில் காலனியிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.